டிராக்டர் வாங்குமுன் மணிக்கணக்குப் பாருங்கள்

அறுவடை முடிந்த கையோடு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். கையில் டிராக்டர் விற்பனையாளர் கொடுத்த விலைப்பட்டியல் இருந்தது. 40 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று, ஐந்தடி ரோட்டவேட்டர் ஒன்று, ஒன்பது கொத்துக் கலப்பை ஒன்று. எல்லாம் சேர்த்து எட்டு லட்சம் ரூபாய். இரண்டு லட்சம் கையிலிருந்து கட்டினால் போதும், மீதி ஆறு லட்சத்துக்குக் கடன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு லட்சத்துக்கு மனைவியின் நகை இருக்கிறது என்றார்.

"எந்தக் கம்பெனி வண்டி நல்லதுங்க ஐயா? அதை மட்டும் சொல்லுங்க" என்பது அவர் கேள்வி.

நிலம் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்பது மா என்றார். அதாவது மூன்று ஏக்கர். குறுவை, தாளடி என இரு போகம்.

எந்தக் கம்பெனி என்ற கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வது கடினமல்ல. இன்று நம் நாட்டில் விற்கும் பெயர் பெற்ற டிராக்டர்களில் முற்றிலும் மோசமானது என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுதான் கடினம். ஆனால் இந்த இயந்திரங்கள் யாருடைய நிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன, மூன்று ஏக்கர்காரருக்கு அது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. இன்று அவற்றைப் பார்ப்போம்.

டிராக்டர் தொழில் வந்த வழி

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் டிராக்டர் செய்யும் தொழிற்சாலை கிடையாது. வந்தவை யாவும் இறக்குமதி. 1959ஆம் ஆண்டு டெல்லியை அடுத்த பரீதாபாத்தில் ஜெர்மானிய ஐச்சர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் முதல் டிராக்டர் நம் நாட்டில் தயாரானது. மறு ஆண்டே, 1960இல், சென்னையில் மாஸி பெர்குசன் கூட்டுடன் டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது. 1963இல் மகிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து இறங்கியது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு முதலில் போலந்து நாட்டுத் தொழில்நுட்பமும், பிறகு போர்டு கம்பெனியின் கூட்டும் கிடைத்தன. மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் 1971இல் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் டிராக்டரை ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் செய்யத் தொடங்கியது.

இவையெல்லாம் வெளிநாட்டு வரைபடத்தை வைத்துச் செய்தவை. முழுக்க நம் பொறியாளர்களே வடிவமைத்தது சுவராஜ். துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் பிற்பகுதியில் 20 குதிரைத்திறன் அளவில் அதை உருவாக்கினார்கள். பஞ்சாப் அரசு முன்வந்து பஞ்சாப் டிராக்டர்ஸ் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1974இல் சுவராஜ் சந்தைக்கு வந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவராஜின் முதல் வடிவம் 20 குதிரைத்திறன். எச்.எம்.டி. தொடங்கியது 25இல். ஐச்சரும் ஒற்றை சிலிண்டர் கொண்ட சிறிய வண்டிகளுக்கே பெயர் பெற்றது. ஆக, நம் நாட்டு டிராக்டர்கள் பலவும் சிறியனவாகத்தான் தொடங்கின. இன்றோ விற்பனையின் மிகப் பெரும் பகுதி 31 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான வண்டிகள். வயல் மட்டும் பெரிதாகவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1.08 எக்டர். தமிழ்நாட்டில் 0.75 எக்டர்தான். இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. நிலம் சுருங்கச் சுருங்க வண்டி பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஏன் பெரிதாயிற்று?

கம்பெனிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 20 குதிரைத்திறன் வண்டிக்கும் கியர்ப்பெட்டி வேண்டும், ஹைட்ராலிக் வேண்டும், ஸ்டியரிங் வேண்டும். 40 குதிரைத்திறன் வண்டிக்கும் அவையேதான். ஆகவே திறன் பாதியானால் விலை பாதியாவதில்லை. சிறிய வண்டியைப் பார்க்கும் விவசாயி, "இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய வண்டியே வந்துவிடுமே" என்று நினைக்கிறார். விற்பனையாளரும் அதையே சொல்கிறார்.

இரண்டாவது காரணம் ரோட்டவேட்டர். கொத்துக் கலப்பையை இழுக்க 25, 30 குதிரைத்திறன் போதும். ஐந்தடி ரோட்டவேட்டரைச் சுழற்ற 35க்கு மேல் வேண்டும். மூன்றாவது, டிரெய்லர். மணல், செங்கல், கரும்பு, வைக்கோல் என்று வண்டி சாலையில் ஓடினால்தான் தவணை கட்ட முடியும் என்பதால் இழுவைக்குத் தோதான வண்டியையே எல்லாரும் கேட்கிறார்கள். வயலுக்காக வாங்குவதாகச் சொல்லிச் சாலைக்காக வாங்குகிறோம். இங்கே ஓர் எச்சரிக்கை. விவசாய உபயோகம் என்று பதிவு செய்து காப்பீடு எடுத்த வண்டியில் வாடகைச் சரக்கு ஏற்றிப்போய் விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வரும். ஆர்.சி. புத்தகத்திலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

பஞ்சாப், ஹரியானா நிலங்களை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே கோதுமை வயல்கள் நீளமானவை, மண் வறண்டு உறுதியாக இருக்கும்போது உழவு நடக்கிறது. நம் காவிரிப் படுகையிலோ முழங்கால் சேற்றில், ஒரு மா இரண்டு மா வயலில், வரப்பு வரப்பாக ஏறி இறங்க வேண்டும். ஒரே வடிவ வண்டி இரண்டுக்கும் விற்கப்படுகிறது. நாம் இரும்புச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு சமாளிக்கிறோம். மூலைகளையும் வரப்போரத்தையும் வண்டி தொடாது, அதற்குத் தனியே மண்வெட்டி ஆள் விட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இனிக் கணக்குக்கு வருவோம்

மன்னார்குடி நண்பர் கொண்டுவந்த விலைப்பட்டியலின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டோம். அதை அப்படியே தருகிறேன். உங்கள் ஊர் விலைவாசிக்குத் தக்கபடி எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வண்டியும் கருவிகளும் 8,00,000 ரூபாய். பத்து ஆண்டு கழித்து விற்றால் 80,000 கிடைக்கும் என்று கொள்வோம். மீதி 7,20,000 ரூபாய் பத்து ஆண்டில் தேய்கிறது. ஆண்டுத் தேய்மானம் 72,000. போட்ட முதலுக்குச் சராசரியாக 4,40,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி 52,800. காப்பீடு, கொட்டகை வகையில் 12,000. ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1,36,800 ரூபாய் செலவு. இதை நிலைச் செலவு என்கிறோம்.

ஓட்டும் செலவு வேறு. மணிக்கு நான்கு லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்றால் 372. எண்ணெய், கிரீஸ் 28. பழுது, டயர் 80. ஓட்டுநர் கூலி 120. ஆக மணிக்கு 600 ரூபாய்.

ரோட்டவேட்டர் உழவுக்கு வாடகை மணிக்கு 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு போக மணிக்கு 500 மிஞ்சும். நிலைச் செலவு 1,36,800ஐ 500ஆல் வகுத்தால் 274 மணி வருகிறது. அதாவது ஆண்டுக்கு 274 மணி நேரம் ஓடினால்தான் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலை.

அவருடைய மூன்று ஏக்கருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஏக்கருக்கு ஒரு போகத்தில் மூன்று சால் ஓட்ட ஏறத்தாழ நான்கு மணி. மூன்று ஏக்கர், இரண்டு போகம், மொத்தம் 24 மணி.

இந்த எண்ணைக் கண்டதும் அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கித் தானே பெருக்கிப் பார்த்தார். 24தான் வந்தது.

24 மணி நேரத்துக்கு வாடகை வண்டி வைத்தால் ஆண்டுக்கு 26,400 ரூபாய். சொந்த வண்டியைச் சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டினால் நிலைச் செலவு 1,36,800, ஓட்டும் செலவு 14,400, ஆக 1,51,200 ரூபாய். ஒரு மணி உழவு 6,300 ரூபாய் விழுகிறது.

"சொந்தத்துக்கு மட்டும் யார் ஐயா ஓட்டுவாங்க? வெளியில ஓட்டித்தானே தவணை கட்டணும்" என்றார். சரி, அதையும் பார்த்தோம்.

ஆறு லட்சம் கடன், ஐந்து ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. அசல் 60,000. முதல் தவணையில் வட்டி 36,000, இரண்டாவதில் 32,400. ஆக முதல் ஆண்டில் மட்டும் கட்ட வேண்டியது 1,88,400 ரூபாய். மணிக்கு 500 மிச்சம் என்றால் 377 மணி ஓட வேண்டும். கூலி ஆள் வைக்காமல் அவரே ஓட்டினால் மணிக்கு 620 மிஞ்சும், அப்போது 304 மணி போதும். தன் கூலியை வண்டிக்குக் கொடுத்துவிட்டு ஓட்டுகிறார் என்று அதற்குப் பொருள்.

377 மணி என்பது நாளுக்கு எட்டு மணி வீதம் 47 நாள். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்தபின் ஒரு மாதம், தாளடிக்கு ஒரு மாதம், இவ்வளவுதான் உழவுக் காலம். அதற்குள் மழை, வண்டிப் பழுது, வீட்டு விசேஷம் எல்லாம் வந்து போகும். உழவுக் கூலி உடனே கைக்கு வருவதும் இல்லை. அறுவடை முடிந்து தருகிறேன் என்பார் சித்தப்பா முறை உள்ளவர். அவரிடம் கண்டிப்பாகக் கேட்க முடியுமா? கடன் கொடுத்தவர் அப்படிக் காத்திருக்க மாட்டார். இரண்டு தவணை தவறிய ஒருவரின் வண்டியை ஒரு நிதி நிறுவனத்தார் நாற்றுப் பறிக்கும் நாளன்று வயலிலிருந்தே ஓட்டிச் சென்றதை நேரில் பார்த்திருக்கிறேன். வண்டி போனதைவிட ஊரார் முன்னிலையில் போனதுதான் அவரை உலுக்கிவிட்டது. அந்த ஆண்டு அவர் தாளடியே நடவில்லை.

உங்கள் ஊர் தாங்கும் டிராக்டர் எத்தனை?

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. உங்கள் ஊர் நன்செய் 300 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 4 மணி, இரு போகத்துக்கு 8 மணி. மொத்த உழவு வேலை ஆண்டுக்கு 2,400 மணி. ஒரு வண்டி தவணை கட்ட 377 மணி வேண்டும் என்றால், அந்த ஊர் ஆறு வண்டிகளைத் தாங்கும். ஏழாவது வண்டி வந்தால் எல்லாருக்கும் மணி குறையும். அல்லது வாடகைப் போட்டியில் 1,100 ரூபாய் 900 ஆகும். 900 ஆனால் மிச்சம் 300தான். அப்போது தவணைக்கு 628 மணி ஓட வேண்டும்!

உங்கள் ஊரில் இப்போது எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்து ஓட்டும் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணிக்கையைக் கம்பெனிக்காரர் உங்களுக்காக எண்ணித் தர மாட்டார். அவருடைய கணக்கு வேறு. 2022-23ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்றன. அடுத்த ஆண்டு அதற்குமேல் விற்க வேண்டும் என்பது அவர் கவலை. அது அவர் தொழில். தவறென்று சொல்ல மாட்டேன்.

குறைந்த நிலத்துக்கு என்ன வழி?

முதலில் பவர் டில்லர். பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் தொடங்கி ஜப்பானிய மிட்சுபிஷி கூட்டுடன் இதைச் செய்தது. கேரள அரசின் காம்கோ நிறுவனமும் 1973 முதல் இத்துறையில் இருக்கிறது. 12, 13 குதிரைத்திறன் டீசல் என்ஜின். சேற்றில் புதையாது, வரப்பைத் தாண்டும், மூலை வரை உழும். விலை டிராக்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டடி அகலத்தில் ஓர் ஏக்கரை ஒரு சால் ஓட்ட ஆள் பின்னால் ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதுவும் சேற்றில், கையில் அதிர்வோடு. நாற்பது வயதுக்கு மேல் அது எளிதல்ல. பிள்ளைகள் பவர் டில்லர் பிடிக்க மறுத்து டிராக்டர் கேட்பதற்கும் இதுவே காரணம். எனக்கு அதில் அவர்கள்மீது கோபம் இல்லை.

இரண்டாவது, மினி டிராக்டர். 15 முதல் 25 குதிரைத்திறன் வரை பல கம்பெனிகள் செய்கின்றன. மகிந்திராவின் 15 குதிரைத்திறன் யுவராஜ் ஒற்றை சிலிண்டர் வண்டி. குறுகலான வண்டியானதால் வாழை, கரும்பு, பருத்தி வரிசைகளுக்கு இடையிலும் தென்னந்தோப்பிலும் களையெடுக்க ஏற்றது. தோட்டக்கால் விவசாயிக்கு இது பொருந்தும். ஆழச் சேற்று நன்செய்க்கு வாங்குமுன் உங்கள் வயலிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பனையகத்தின் சிமெண்டுத் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

2020 டிசம்பரில் சோனாலிகா நிறுவனம் மின்கலத்தால் ஓடும் சிறிய டிராக்டர் ஒன்றை அறிமுகப்படுத்தியது. டீசல் செலவு இல்லை, சத்தம் இல்லை. ஆனால் மின்கலத்தின் விலையும் ஆயுளும் பக்கத்தில் பழுது பார்க்க ஆள் உண்டா என்பதும் தெளிவாகும்வரை சிறு விவசாயி பொறுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது வாடகை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், உளிக்கலப்பை முதலியவற்றை வெளிச் சந்தையைவிடக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியாகவும் பதிவு செய்யலாம். பருவத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பதால் வண்டி கிடைப்பதில்லை என்ற குறை உண்மைதான். நாற்று விட்ட அன்றே உழவுக்குப் பதிவு செய்வது நல்லது. டாபே நிறுவனம் 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது, தமிழ்நாட்டில் இரண்டு ஏக்கர் வரை உள்ள சிறு விவசாயிகளுக்கு டிராக்டரையும் கருவிகளையும் வாடகை வாங்காமல் கொடுத்தது. வண்டியை விற்பதைவிட உழவை விற்பதற்கும் கம்பெனிகளால் முடியும் என்பதை அது காட்டிற்று. இதை ஏன் நியாயமான வாடகையில் ஒவ்வொரு பருவத்திலும் எல்லாக் கம்பெனிகளும் செய்யக்கூடாது?

வாடகை வண்டியால் இன்னொரு நன்மை உண்டு. ஆண்டுதோறும் கனமான டிராக்டர் ஒரே ஆழத்தில் ஈர மண்ணில் ஓடுவதால் உழவுப் படலத்துக்குக் கீழே மண் இறுகிக் கடினத்தட்டு உண்டாகிறது. நெல்லுக்குப் பின் வரும் உளுந்து, பருத்தியின் வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஆழ உழ வேண்டும். இதற்குப் பெரிய டிராக்டர்தான் வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சில மணி நேரம் வாடகைக்கு வைத்தால் போதுமே.

நான்காவது, ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குவது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிட, பழங்குடி, பெண் விவசாயிகளுக்குப் 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், திட்டத்தில் சொன்ன உச்சவரம்புக்குள் மானியம் உண்டு. குழுவாக வாடகை மையம் அமைப்பதற்கும் தனி உதவி இருக்கிறது. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தே கிடைக்கும் என்பதால், மானியம் வரும் என்று நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் பணி ஆணை கிடைத்தபின் வாங்குங்கள்.

வாங்கியே தீர வேண்டுமானால்

கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக வாங்கலாம். பத்து, பன்னிரண்டு ஏக்கர் சொந்த நிலமும் வெளியில் உறுதியான வேலையும் உள்ளவருக்கு டிராக்டர் நல்ல துணை. ஆனால் சிலவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் குதிரைத்திறன் என்ஜினுடையது. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறன் அதைவிடக் குறைவு. 40 என்று எழுதிய வண்டியில் அது 34 ஆகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இந்த எண்தான். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் உள்ளது. டிராக்டர்களை அங்கே சோதித்து, பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், டீசல் செலவு ஆகியவற்றை அறிக்கையாகத் தருகிறார்கள். "புத்னி அறிக்கை இருக்கிறதா?" என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் அவர் உங்களோடு பேசும் விதமே மாறும். இன்னொரு செய்தி. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் வந்தன. அவற்றின் விலையும் கூடிற்று. பழுது பார்ப்பதும் நம் ஊர் மெக்கானிக்கின் கைக்கு எட்டாத நுட்பமாகிவிட்டது. சிறு விவசாயிக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாயிற்று. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18லிருந்து 5 ஆயிற்று. விலைப்பட்டியலில் வரியைத் தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கம்பெனியின் பெயரைவிட உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பது முக்கியம். பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஐச்சரின் டிராக்டர் தொழிலை 2005இல் டாபே வாங்கியது. சுவராஜ் 2007இல் மகிந்திராவின் கைக்குப் போயிற்று. எஸ்கார்ட்ஸில் ஜப்பானின் குபோட்டா நுழைந்து, 2022இல் நிறுவனத்தின் பெயரே எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆயிற்று. இவற்றில் வண்டி நிற்கவில்லை, பாகங்களும் நிற்கவில்லை. ஆனால் எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தபோது, அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் வெளிச்சந்தைப் பாகங்களையே நம்ப வேண்டியதாயிற்று. அடுத்த பத்து ஆண்டுக்கு இந்த மாடலுக்குப் பாகம் உண்டா, இருபது கிலோமீட்டருக்குள் மெக்கானிக் உண்டா என்று கேளுங்கள். தாளடி உழவின் நடுவில் ஒரு ஹைட்ராலிக் பம்புக்காகப் பதினொரு நாள் வண்டி நின்றதை என் பகுதியிலேயே கண்டேன். அந்தப் பதினொரு நாளில் போன வருமானம் பம்பின் விலையைவிட அதிகம்.

கம்பெனிகளிடமும் இரண்டு கேட்க வேண்டியிருக்கிறது. பி.டி.ஓ. திறனை என்ஜின் திறன் அளவுக்குப் பெரிய எழுத்தில் வண்டியின்மேல் எழுதட்டும். சேற்று நன்செய்க்கென்றே எடை குறைந்த, ஆள் உட்கார்ந்து ஓட்டக்கூடிய, 20 குதிரைத்திறன் சுற்றளவில் ஒரு வண்டியைக் கட்டுப்படியாகும் விலையில் செய்யட்டும். ஐம்பது ஆண்டுக்கு முன் துர்காபூரில் சிறிய வண்டியை வரைந்த நாட்டில் இது ஆகாத காரியமல்ல.

மன்னார்குடி நண்பர் அன்று விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். வருத்தம்தான் முகத்தில் தெரிந்தது. மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். அவரும் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் நால்வரும் சேர்ந்து ஒரு வண்டி வாங்க மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஐவருக்கும் சேர்த்து பதினாறு ஏக்கர். நகை வீட்டிலேயே இருக்கிறது. யார் வயலை முதலில் உழுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிட்டார்களாம். அந்த வண்டியை யார் வீட்டு வாசலில் நிறுத்துவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லையாம்.